நாடியின் நெடுங்கதை – 7: உறையூர்ச் சுருட்டும் பெருந்தமனியின் அழுத்தமும்

1887ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி லண்டனில் வெளியான ஓர் ஆண்டுமலரில்தான் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வாசகர் முன் வந்தார். கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைத் திரட்டிப் பார்த்துவிட்டு, கொலையாளி புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார் அவர். அந்தக் காலத்து லண்டன்வாசிக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. திருச்சியில், குறிப்பாக உறையூரில், கையால் சுற்றிய சுருட்டுகள் கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. முற்காலச் சோழர்களின் தலைநகராக இருந்து, பருத்தித் துணிக்குப் பேர்போன ஊர், வெள்ளைக்காரர் காலத்தில் புகையிலையாலும் அறியப்பட்டது.

கதையை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் தொழிலால் மருத்துவர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1885இல், எடின்பரோவில் எம்.டி. பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு, ஒரு நரம்பு நோயில் இரத்தக் குழாய்கள் சுருங்கி விரியும் விதத்தைப் பற்றியது. ஆனாலும் சுருட்டுப் புகை இரத்தக் குழாயை என்ன செய்கிறது என்பது அந்த ஆய்வேட்டின் கேள்வி அல்ல. அந்தக் கேள்விக்குத் தெளிவான ஒரு விடை 2003இல்தான் வந்தது. அதற்கு வேண்டிய அடிப்படைக் கருவியோ அப்போதே லண்டனில் இருந்தது. அதைச் செம்மைப்படுத்திய மருத்துவர் 1884இல், தம் 35ஆம் வயதில், டைபாய்டு காய்ச்சலில் இறந்திருந்தார். அவர் பெயர் ஃபிரெடரிக் அக்பர் முகமது.

சென்ற இதழில் ரிவா-ரோச்சியின் கைப்பட்டையையும் கொரோட்கோவ் கேட்ட ஓசைகளையும் பார்த்தோம். இந்த இதழில் முப்பது ஆண்டுகள் பின்னே போக வேண்டியிருக்கிறது. பி.பி. பார்ப்பது என்றாலே புஜத்தில் பட்டை கட்டுவதுதான் என்று ஆகிப்போனதில் மருத்துவம் எதைத் தவறவிட்டது, அது எப்படித் திரும்பி வந்தது என்பதே இந்த அத்தியாயம்.

பாட்னாவிலிருந்து கைஸ் மருத்துவமனை வரை

அக்பர் முகமதுவின் தாத்தா பாட்னாக்காரர். சேக் தீன் முகமது என்ற அவர் 1759இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் இருந்தவர். 1794இல் தம் பயண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். 1810இல் லண்டனில் இந்தியச் சமையலோடு ஒரு காபி விடுதி திறந்து கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு பிரைட்டன் கடற்கரைக்குப் போய், நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் செய்யும் நிலையம் ஒன்றை நடத்தினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு மன்னர்கள் அவரிடம் உடம்பைக் கொடுத்தார்கள்.

பேரன் 1849இல் பிரைட்டனில் பிறந்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோதே, 1872இல், நாடி வரைவியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். நாடி வரைவி அவர் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மனியில் கார்ல் ஃபியரோர்ட் 1855இல் ஒன்றைச் செய்தார். பிரான்சில் எத்தியேன்-ஜூல் மாரே 1860இல் அதைக் கைக்கடக்கமாக்கினார். மணிக்கட்டு நாடியின் மேல் ஒரு வில்லை அமரும். துடிப்புக்கேற்ப அது ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோலின் முனை, புகைக்கரி படிந்த காகிதத்தில் அலையாகக் கோடிழுக்கும். எவ்வளவு அழுத்தி வைத்தால் எந்த வடிவம் வருகிறது என்பதை அளக்க வழியில்லாததுதான் மாரேயின் கருவியில் இருந்த குறை. ஒரு திருகைச் சேர்த்து அதைச் சரிசெய்தார் முகமது.

அந்தக் கோடுகளில் அவர் கண்டது முக்கியமானது. ஆரோக்கியமான இளைஞரின் நாடி செங்குத்தாக எழுந்து சட்டென்று இறங்கியது. வயதானவர்களிடமும் சிறுநீரக நோயாளிகளிடமும், முதல் எழுச்சியை அடுத்து ஓர் இரண்டாம் மேடு தோன்றி, அலையின் உச்சியை அகலப்படுத்தியது. சிறுநீரில் புரதம் தென்படுவதற்கு முன்பே சிலரிடம் இந்த வடிவம் இருந்தது. சிறுநீரகத்தில் எந்தக் கோளாறும் இல்லாத சிலரிடமும் இருந்தது. வேறு நோயால் வராத தனி உயர் அழுத்தம் என்று இன்று மருத்துவர்கள் சொல்வதை அவர் இப்படித்தான் இனம்கண்டார். கையில் அப்போது எந்த எண்ணும் இல்லை. வடிவம் ஒன்றுதான் சான்று.

மணிக்கட்டு நாடியின் வடிவத்தை விரலால் படிக்கும் மரபு தமிழகத்துக்குப் புதிதல்ல. சித்த வைத்தியர்கள் கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்த்தார்கள். ஒன்று, அரை, கால் என்று அதற்கு மாத்திரைக் கணக்கும் வைத்திருந்தார்கள். அவர்கள் தேடிய பொருள் வேறு, முகமது தேடியது வேறு. ஆனாலும் இரு தரப்பாரும் தொட்டது ஒரே தமனியை. தோலுக்குச் சற்றே கீழே, கெட்டியான எலும்பின் மேல் அது ஓடுவதால்தான் அந்த இடம் வசதியாக இருந்தது. இன்றைய கருவிகளும் அதே காரணத்துக்காக அங்கேதான் வந்து நிற்கின்றன.

எண் வென்றது

1896இல் டுரினில் ரிவா-ரோச்சியின் பட்டை வந்தது. 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஓசை தொடங்கும் இடத்தில் மேல் அழுத்தம். ஓசை அடங்கும் இடத்தில் கீழ் அழுத்தம். இரண்டே எண்கள். புகைக்கரிக் காகிதம் வேண்டாம், வளைகோட்டைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டாம், இரண்டு நிமிடத்தில் வேலை முடியும்.

ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் சேர்ந்தவை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் நிறுவனம் 1907இலிருந்து விண்ணப்பதாரர்களின் இரத்த அழுத்தத்தை அளக்கத் தொடங்கியது. எண் இருந்தால் பட்டியல் போடலாம். பட்டியல் இருந்தால் யார் எத்தனை ஆண்டில் இறக்கிறார் என்று கணக்குப் பார்க்கலாம். உயர் இரத்த அழுத்தம் ஆளைக் கொல்லும் என்பது உலகத்துக்கு உறுதியானது இத்தகைய கணக்குகளால்தான். மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை பற்றிய பிற்காலப் பேராய்வுகள் எல்லாமே கைப்பட்டை தந்த எண்களின் மேல் நிற்பவை. அதன் பயனைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

நாடி வரைவியோ மெல்ல மெல்ல அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அலையின் வடிவம் என்ற பேச்சே மருத்துவமனையிலிருந்து மறைந்தது. அதோடு ஓர் அனுமானமும் சத்தமில்லாமல் குடியேறியது: புஜத்தில் 140 என்றால் இதயத்துக்குப் பக்கத்திலும் 140தான் என்ற அனுமானம்.

கீழ் அழுத்தத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரி. சராசரி அழுத்தத்துக்கும் சரி. மேல் அழுத்தத்துக்குத்தான் சரியில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் இருப்பதைவிடப் புஜத்தில் மேல் அழுத்தம் கூடுதலாக இருக்கும். இளவயதில் இந்த வித்தியாசம் 10 முதல் 20 மி.மீ. வரையும், சிலரிடம் அதற்கு மேலும் போகும். வயது ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே கையில் ஒரே எண்ணைக் காட்டும் இருவரின் இதயங்கள், ஒரே சுமையைத் தாங்குகின்றன என்று சொல்ல முடியாது.

ஓடும் அலை, திரும்பும் அலை

தமனியில் இரத்தம் நகரும் வேகம் வேறு. துடிப்பு ஓடும் வேகம் வேறு. இதயம் ஒருமுறை சுருங்கும்போது எழும் அழுத்த அலை, குழாய்ச் சுவரின் மீள்தன்மையைப் பற்றிக்கொண்டு, இரத்தத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. 1808இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையிலேயே தாமஸ் யங் இதன் இயற்பியலைத் தொட்டுக்காட்டினார். 1878இல் நெதர்லாந்தின் மோன்ஸும் கோர்ட்டவெக்கும் அதைச் சமன்பாட்டில் அடைத்தார்கள்: குழாய்ச் சுவர் விறைப்பாக ஆக, அலையின் வேகம் கூடும். 1922இல் பிராம்வெல், ஏ.வி. ஹில் இருவரும் மனிதரில் நாடி அலையின் வேகத்தைப் பற்றி எழுதினார்கள். இந்த ஹில்தான் 1943-44இல் அரசின் அழைப்பில் இந்தியா வந்து, அறிவியல் ஆய்வின் நிலையைப் பார்வையிட்டு, அகில இந்திய அளவில் ஒரு மருத்துவ மையம் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனவர். டெல்லி எய்ம்ஸின் தொடக்கக் கதையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

கிளம்பிய அலை கிளை பிரியும் இடங்களிலும் சிறு தமனிகளின் முனைகளிலும் மோதி, ஒரு பகுதி இதயத்தை நோக்கித் திரும்புகிறது. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இளையவரின் பெருந்தமனி மென்மையானது. அலை நிதானமாகப் போகிறது, நிதானமாகத் திரும்புகிறது. அது வந்து சேர்வதற்குள் இதயம் சுருங்கி முடித்து வால்வு மூடிவிடுகிறது. இதயத் தசைக்கு இரத்தம் தரும் கொரோனரித் தமனிகள் பெரும்பாலும் நிரம்புவது அந்த ஓய்வு நேரத்தில்தான்; திரும்பி வரும் அலை அதற்குத் துணையாகிறது.

பெருந்தமனி விறைத்துவிட்டால் கணக்குத் தலைகீழாகிறது. அலை வேகமாகப் போய், இதயம் இன்னும் இரத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து மோதுகிறது. மேல் அழுத்தத்தின் உச்சி உயர்கிறது. இதயத்தின் சுமை கூடுகிறது. ஓய்வு நேரத்தில் கொரோனரிக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுதல் குறைகிறது. முகமதுவின் காகிதத்தில் தெரிந்த இரண்டாம் மேடு, பெரும்பாலும் இந்தத் திரும்பும் அலையின் தடம்.

இதயத்தைக் கைக்குள் வைத்துப் பார்க்காமல் இதை எப்படி அளப்பது? கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தொடை அல்லது கைத் தமனி வழியே பெருந்தமனி வரை செலுத்தி நேரடியாக அளக்கலாம். இதயக் கதீட்டர் முறையை வளர்த்ததற்காக ஃபோர்ஸ்மான், கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் மூவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் பி.பி. பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் தமனியில் துளை போட முடியாது. மணிக்கட்டில் கிடைக்கும் அலையிலிருந்து பெருந்தமனியின் அலையைக் கணக்கிட்டு எடுக்க முடியுமா என்பதே கேள்வியாயிற்று.

இதற்கான கணித வழியைப் புரிந்துகொள்ள உறையூரிலிருந்து காவிரியைத் தாண்டினால் போதும். ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சி.வி. ராமன். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக அவரை உலகம் அறியும். அதற்கு முன்பே கம்பி வாத்தியங்களையும் தோல் வாத்தியங்களையும் ஆராய்ந்தவர் அவர். 1920இல் சிவகாலி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு, மிருதங்கம் போன்ற நம் வாத்தியங்களின் ஓசையில் ஏன் சுருதி தெளிவாகக் கேட்கிறது என்பதைப் பற்றியது. வெறும் தோலைத் தட்டினால் எழும் துணை அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. வலந்தலையின் நடுவில் இடும் கரும்பூச்சின் எடைதான் அவற்றை அடிப்படைச் சுருதியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற முறையான வரிசைக்குக் கொண்டுவருகிறது.

திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் இப்படி ஓர் அடிப்படை அதிர்வாகவும் அதன் மடங்குகளாகவும் பிரித்துவிடலாம் என்பது பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியேயின் வழி. நாடித் துடிப்பும் திரும்பத் திரும்ப வரும் அலைதான். 1950களில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் உடலியலாளர் டொனால்ட் மெக்டொனால்டும் கணிதவியலாளர் ஜான் வொமர்ஸ்லியும் இந்த வழியைத் தமனிக்குள் கொண்டுவந்தார்கள். வொமர்ஸ்லி, போர் முடிந்த 1945இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு ஆலன் டூரிங்கை அழைத்து வந்தவர். தமனி ஓட்டத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1955இல் வெளிவந்தது. மெக்டொனால்டின் நூல் 1960இல்.

சிட்னியின் பென்சில் முனை

இந்தப் பாதையில் அடுத்த பெரிய அடி ஆஸ்திரேலியாவில் விழுந்தது. சிட்னியின் இதய மருத்துவர் மைக்கேல் ஓ’ரூர்க், மெக்டொனால்டு வழிவந்த அலைக்கணிதத்தை நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவரப் பாடுபட்டவர். மறக்கப்பட்டிருந்த அக்பர் முகமதுவைப் பற்றி 1992இல் விரிவாக எழுதி, இந்தத் துறையின் முன்னோடி என்று அவரை நினைவுபடுத்தியவரும் அவரே.

கருவி எளிமையானது. பென்சில் போன்ற ஒரு தண்டின் நுனியில் நுண்ணிய அழுத்த உணரி இருக்கும். அதை மணிக்கட்டு நாடியின் மேல் வைத்து, தமனியின் மேற்புறம் சற்றே தட்டையாகும் அளவுக்கு எலும்பின் மீது அழுத்த வேண்டும். அப்படித் தட்டையானால், உள்ளே இருக்கும் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை உணரி அப்படியே படிக்கும். கண் மருத்துவர்கள் கண்ணழுத்தம் பார்க்கும் கருவியின் தத்துவமும் இதுவே. டோனோமெட்ரி என்று இதற்குப் பெயர். 1989இல் ஓ’ரூர்க்கின் குழுவினர் 2 வயது முதல் 91 வயது வரையான 1,005 பேரிடம் இப்படி நாடி அலைகளைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். வயதோடு அலை மாறும் விதம், முகமது சொன்ன போக்கிலேயே இருந்தது.

மணிக்கட்டு அலையைப் பெருந்தமனி அலையாக மாற்றுவது அடுத்த வேலை. கதீட்டர் செலுத்தியவர்களிடம் இரண்டு அலைகளையும் அளந்து, ஒவ்வொரு மடங்கு அதிர்வும் வழியில் எத்தனை பங்கு பெருகுகிறது என்று பார்த்தார்கள். கைத்தமனிகள், பெருந்தமனியைப் போல வயதோடு அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பெருக்கல் விகிதம் பொருந்தியது. காரமனோக்லு, ஓ’ரூர்க், அவோலியோ, கெல்லி ஆகியோர் இதை 1993இல் வெளியிட்டார்கள். அந்த விகிதத்தைத் திருப்பிப் போட்டால் மணிக்கட்டு அலையிலிருந்து பெருந்தமனி அலை கிடைத்துவிடும். இதை வைத்துப் பிறந்த ஸ்ஃபிக்மோகார் என்ற கருவி, ஆய்வுக்கூடங்கள் பலவற்றுக்குப் பரவியது. ஜப்பானின் ஓம்ரான் முதலான நிறுவனங்கள் வேறு கணக்கு முறைகளோடு தங்கள் கருவிகளைக் கொண்டுவந்தன. பட்டையிலிருந்தே அலையைப் பதிவு செய்து, மத்திய அழுத்தம் எனப்படும் பெருந்தமனி அழுத்தத்தைக் கணக்கிடும் கருவிகளும் பின்னர் வந்தன.

கருவி வந்ததும் உறையூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விடை ஒன்று வந்தது. 2003இல் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த அஸ்ரா மஹ்மூத், ஜான் ஃபீலி இருவரும் ஆரோக்கியமான இளையவர்களில் புகைப்பவரையும் புகைக்காதவரையும் ஒப்பிட்டார்கள். புஜத்தில் இரண்டு தரப்புக்கும் அழுத்தம் ஒன்றுபோலவே இருந்தது. பெருந்தமனியிலோ புகைப்பவர்களின் மேல் அழுத்தம் கூடுதல். திரும்பும் அலையின் பங்கும் கூடுதல். அவர்கள் சோதித்தது சிகரெட்டை, சுருட்டை அல்ல. ஆனாலும் புகையிலையையே தொழிலாகக் கொண்டிருந்த ஊரில், “எனக்கு பிரஷர் எல்லாம் இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பற்றவைக்கும் இளைஞருக்கு, பட்டை தந்த எண் முழுச் செய்தியைச் சொல்லவில்லை என்பதே அதன் பொருள்.

இரண்டு மாத்திரைகளின் வழக்கு

மத்திய அழுத்தம் ஆய்வாளர்களின் விளையாட்டுப் பொருளாகவே நின்றிருக்கக்கூடும். 2006ஆம் ஆண்டு அதை மாற்றியது.

ஆஸ்காட் என்ற பெரிய மருந்துச் சோதனை 19,257 உயர் அழுத்த நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி நடந்தது. ஒரு பிரிவுக்கு அட்டினோலால், தேவைப்பட்டால் அதோடு தயசைடு வகை மாத்திரை. மறு பிரிவுக்கு அம்லோடிபின், தேவைப்பட்டால் அதோடு பெரிண்டோப்ரில். 2005இல் வந்த முடிவில் அம்லோடிபின் பிரிவில் பக்கவாதம் 23 சதவீதம் குறைவு. புஜத்தில் அளந்த அழுத்தத்திலோ இரு பிரிவுக்கும் சராசரி வித்தியாசம் 2.7 மி.மீ. மட்டும். அந்தச் சிறு வித்தியாசம் இந்தப் பலனை முழுதாக விளக்குமா என்று பலர் கேட்டார்கள்.

அதே சோதனையில் இருந்தவர்களில் 2,073 பேரிடம், பிரையன் வில்லியம்ஸ் தலைமையிலான குழு டோனோமெட்ரியால் மத்திய அழுத்தத்தை அளந்திருந்தது. கேஃப் என்று சுருக்கமாக வழங்கும் அந்தத் துணை ஆய்வில், புஜத்து மேல் அழுத்தம் இரு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றே, வித்தியாசம் 0.7 மி.மீ. பெருந்தமனியின் மேல் அழுத்தமோ அம்லோடிபின் பிரிவில் 4.3 மி.மீ. குறைவு. பட்டைக்குத் தெரியாமல் ஒரு மருந்து இதயத்தின் பளுவைக் கூடுதலாக இறக்கியிருந்தது. காரணமும் அலைக்கணக்கில் கிடைத்தது. அட்டினோலால் இதயத்துடிப்பை மெதுவாக்குகிறது. அதனால் ஒவ்வொரு சுருக்கமும் நீள்கிறது. திரும்பும் அலை, சுருக்கம் முடிவதற்குள்ளேயே வந்து சேர்ந்துவிடுகிறது.

அதே 2006இல், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, சாதாரண உயர் அழுத்தத்துக்கு முதல் மருந்தாக அட்டினோலால் போன்ற பீட்டா தடுப்பான்களைத் தரும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. ஆஸ்காட்டின் முடிவுகள் அதற்கு முக்கியக் காரணம். அட்டினோலால், தமிழ்நாட்டு மருந்துக்கடைகளிலும் நெடுங்காலம் ஓடிய மாத்திரை. மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் பீட்டா தடுப்பான்களின் தேவை வேறு. அவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுத் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

2008இல் பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த மெக்எனியரி, காக்ராஃப்ட், வில்கின்சன் குழு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. புஜத்து அளவின்படி ‘சற்றே உயர்ந்த, ஆனால் நோயல்லாத’ பிரிவில் இருந்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோரின் பெருந்தமனி அழுத்தம், முதல் நிலை உயர் அழுத்த நோயாளிகளின் அளவோடு ஒத்திருந்தது. பட்டையை வைத்துப் போட்ட எல்லைக்கோட்டின் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் கலந்து நின்றார்கள்.

சென்னையும் ஹைதராபாத்தும்

இந்தியாவில் இந்த அளவீடு வெகு சீக்கிரமே வந்துவிட்டது. சென்னையில் திருமங்கலம், தி. நகர் பகுதி மக்களிடம் நடந்த சென்னை நகர மக்கள்தொகை ஆய்வின் ஒரு பகுதியாக, டாக்டர் வி. மோகனின் குழு நீரிழிவு உள்ளவர்களின் தமனி விறைப்பை இல்லாதவர்களோடு ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டது. நீரிழிவுக்காரர்களின் தமனி கூடுதலாக விறைத்திருந்தது. கழுத்துத் தமனியின் சுவரும் தடித்திருந்தது. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் இடையில் நிற்பது எது என்பதற்கு அது ஒரு தடயம்.

ஹைதராபாத் அருகே நடந்தது இன்னும் வியப்பானது. 1987 முதல் 1990 வரை 29 கிராமங்களில் ஒரு சத்துணவுச் சோதனை நடந்தது. சில கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடுதல் சத்துணவு கிடைத்தது, மற்றவற்றில் இல்லை. அந்தக் குழந்தைகள் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளானபோது 1,165 பேரைத் தேடிப் பிடித்து, மணிக்கட்டில் பென்சில் முனையை வைத்துப் பார்த்தார்கள். சத்துணவு பெற்ற ஊர்ப் பிள்ளைகளின் உடலில், திரும்பும் அலையின் பங்கைக் காட்டும் குறியீடு 3.3 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவு 2008இல் வெளிவந்தது. வளரிளம் வயதில் புஜத்து அழுத்தம் எல்லாருக்கும் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். வயிற்றில் இருக்கும்போதும் சிறு குழந்தையாக இருக்கும்போதும் கிடைத்த உணவின் தடம் தமனிச் சுவரில் தங்கியிருப்பதை, அலையின் வடிவம்தான் காட்டிக்கொடுத்தது.

வெளிநாட்டுக் கருவிகளின் விலையும், பென்சில் முனையைச் சரியாகப் பிடிக்கத் தேவைப்படும் பழக்கமும் இந்தியாவில் பெரிய தடைகள். சென்னை ஐஐடியின் ஆய்வுப் பூங்காவில் உள்ள சுகாதாரத் தொழில்நுட்பப் புத்தாக்க மையம் இதில் இறங்கியது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து ஐஐடி தொடங்கிய மையம் அது. மோகனசங்கர் சிவப்பிரகாசம், ஜெயராஜ் ஜோசப் ஆகியோரின் குழு அங்கே ஆர்ட்சென்ஸ் என்ற கருவியை உருவாக்கியது. வழக்கமான ஸ்கேன் போலப் படம் காட்டாமல், ஒற்றை மீயொலி உணரியைக் கழுத்துத் தமனியின் மேல் வைத்தால், துடிப்புக்குத் துடிப்பு அதன் விட்டம் விரிந்து சுருங்குவதைக் கருவி தானே கண்டுபிடித்து அளக்கும். கழுத்துத் தமனி பெருந்தமனிக்கு மிக அருகில் இருப்பதால், அதன் அலை பெருந்தமனியின் அலையை நெருங்கி ஒத்திருக்கும். படம் பார்க்கத் தெரிந்த நிபுணர் இல்லாமலே தமனியின் விறைப்பையும், அதிலிருந்து இரத்தக் குழாயின் ‘வயதையும்’ கணக்கிடலாம். 2022இல் ஐஐடி இதைப் பற்றி அறிவித்தபோது, 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்திருந்தார்கள்.

எதிர்க்கட்சி

இத்தனை இருந்தும் மத்திய அழுத்தம் ஏன் எல்லா கிளினிக்குக்கும் வந்து சேரவில்லை?

முதல் ஆட்சேபம் அளவீட்டைப் பற்றியது. மணிக்கட்டுக் கருவி அலையின் வடிவத்தைத் தருமே தவிர, அது எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது என்ற அளவை, புஜத்துப் பட்டையிடம்தான் கடன் வாங்குகிறது. பட்டை பிழையாக அளந்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே பெருந்தமனிக்குப் போகும். எந்த எண்ணின் குறையைத் திருத்த வந்ததோ, அதே எண்ணின் மேல் நிற்க வேண்டிய நிலை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில் கேரி மிட்செல் குழு 2010இல் வெளியிட்ட முடிவில், கழுத்துக்கும் தொடைக்கும் இடையே நாடி அலை ஓடும் வேகம் இதய ஆபத்தை நன்றாகவே முன்னறிவித்தது. வயது, புஜத்து அழுத்தம், கொழுப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு, மத்திய துடிப்பழுத்தமோ (பெருந்தமனியின் மேல், கீழ் அழுத்தங்களுக்கு இடையிலான வித்தியாசம்) அலைத் திருப்பக் குறியீடோ புதிதாக எதையும் சொல்லவில்லை. மாறாக, அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே நடந்த ஸ்ட்ராங் ஹார்ட் ஆய்வு, புஜத்து அளவைவிட மத்திய துடிப்பழுத்தமே இதய நோயோடு நெருங்கி நிற்கிறது என்று 2007இல் சொல்லியிருந்தது. தைவானின் ஆய்வாளர்கள் 2013இல், மத்திய அழுத்தம் 130/90 ஐத் தாண்டினால் நோய் என்று கொள்ளலாம் என எல்லையே வகுத்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஷார்மன் குழு, மத்திய அழுத்தத்தைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்தபோது, இதயத் தசையின் தடிப்பு கூடாமலே குறைந்த மாத்திரையில் சமாளிக்க முடிந்தது என்று காட்டியது. சாவையும் மாரடைப்பையும் குறைக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சோதனை பெரிதல்ல.

2018இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி நடுவழியில் நின்றது. பெரும்பாலானோருக்கு இந்த அளவீட்டால் கிடைக்கும் கூடுதல் பயன் தெளிவாகவில்லை. இளைஞர்களில் மேல் அழுத்தம் மட்டும் உயர்ந்திருப்பவர்கள் இதற்கு விலக்காக இருக்கலாம் என்றது. உயரமான, விளையாட்டில் ஊறிய பையன் ஒருவனுக்குப் புஜத்தில் 146 இருக்கலாம்; பெருந்தமனியிலோ இயல்பான அளவே இருக்கலாம். அவனுக்கு இருபது வயதிலேயே வாழ்நாள் மாத்திரை எழுதுவதா என்ற கேள்விக்கு, இந்த அளவு உதவும்.

தமிழ்நாட்டின் நிலைமை இந்த விவாதத்தை வேறு வரிசையில் வைக்கிறது. 2020இல் மாநில அளவில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. சாதாரணப் பட்டை தரும் எண்ணையே பெரும்பாலோர் அறியவில்லை. அறிந்தவர்களில் பலர் மருந்தைத் தொடரவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டு வாசலுக்கே பி.பி. கருவியையும் மாத்திரையையும் கொண்டுபோனது இதனால்தான். உறையூரின் தெருக்களிலும் ஸ்ரீரங்கத்தின் வீதிகளிலும் அந்தத் திட்டத்தின் ஊழியர்கள் எடுத்துச்செல்வது கைப்பட்டையைத்தான். மத்திய அழுத்தக் கருவி அந்தப் பைக்குள் போவதற்கு அது மலிவாக வேண்டும், நிபுணர் இல்லாமல் இயங்க வேண்டும், பட்டை சொல்லாத எதையோ சொல்லி மாத்திரையை மாற்றச் செய்ய வேண்டும். முதல் இரண்டையும் நோக்கித்தான் சென்னைக் குழுவின் வேலை நகர்கிறது. மூன்றாவதற்கு, மத்திய அழுத்தத்தைப் பார்த்து மருந்து கொடுத்தவர்களையும் புஜத்தைப் பார்த்துக் கொடுத்தவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடரும் பெரிய சோதனை தேவை.

அதற்கிடையே அந்தக் கைப்பட்டையும் மாறிக்கொண்டிருக்கிறது. ரிவா-ரோச்சி காலத்திலிருந்து நூறாண்டுக்கும் மேலாக அதோடு ஒட்டியிருந்த பாதரசத் தூணை, 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை மருத்துவமனைகளை விட்டு வெளியேற்றத் தொடங்கியது. இன்று ‘மி.மீ. பாதரசம்’ என்று எழுதும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் பாதரசம் இல்லை. பலவற்றில் கொரோட்கோவின் ஓசையும் இல்லை. அப்படியானால் அவை எதை அளக்கின்றன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)